நூல் அறவில்லை, அட்டைதான் மாறிப்போச்சு

மாதத்தில் ஏழு நாள் என் சித்தப்பா ஆரணியிலிருந்து வேலூருக்கு ஊசி போட்டுக்கொள்ள வருகிறார். எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டுத் தறியில் உட்கார்ந்த உடம்பு. எலும்பு மஜ்ஜையில் ரத்த செல்கள் முழுசாக முற்றாமல் அரைகுறையாகவே நின்றுவிடும் நோய் அவருக்கு. மைலோடிஸ்பிளாசியா என்பார்கள். ரத்தப் புற்றுநோய்க்குப் பங்காளி. சிலருக்கு நாளடைவில் அதுவாகவே மாறியும் விடும்.

அவருக்குப் போடும் மருந்தின் பெயர் அசாசிடிடின். குப்பியில் வெள்ளைப் பொடியாக வருகிறது. நர்ஸ் அதில் ஊசித் தண்ணீர் விட்டுக் கலக்கினால் தெளியாது, கஞ்சித் தெளிவு மாதிரி கலங்கலாகவே இருக்கும். சிரிஞ்சில் ஏற்றியபின் அடியில் படிந்துவிடாமல் இருக்க இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டோ உருட்டென்று உருட்டிவிட்டு, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் ஏற்றுவார். முதல் நாள் அதைப் பார்த்த சித்தப்பா, "பட்டு முறுக்கற மாதிரி இல்ல உருட்டுது அந்தப் பொண்ணு" என்றார்.

ஊசி முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். தெரு நெடுக லாட்ஜ்கள். பாதிக் கடைகளில் பலகை வங்காளத்தில் எழுதியிருக்கும், ஏனென்றால் இங்கே மருத்துவத்துக்கு வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களில் நிறையப் பேர் மேற்கு வங்கத்துக்காரர்கள், வங்கதேசத்துக்காரர்கள். "ஏன்டா தம்பி, நம்ம வம்சத்துலயே யாருக்கும் இது கெடையாது. அப்புறம் எப்படி ரிப்போர்ட்டுல ஜீன்ல கோளாறுன்னு எழுதியிருக்காங்க? எங்க அப்பன் தொண்ணூறு வரைக்கும் தறி நெய்தாரு."

நியாயமான கேள்விதான். மரபணுக் கோளாறு என்றால் பரம்பரை நோய் என்றுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மூன்று பஸ் பயணம் கழித்து, அவர் தறியைக் கொண்டே சொல்லலாம் என்று தோன்றியது. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஜக்கார்டு தறியைப் பார்த்திருக்கிறீர்களா? தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மாலையாகத் தொங்கும். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை திரும்பி வந்து நிற்கும். அட்டையில் துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும்; அந்தப் பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், மேலே எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே கிடக்கும். எழுந்த இழைகளுக்கு அடியில் குறுக்கு நூலான ஊடை ஓடும். மாங்காயோ அன்னமோ கோபுரமோ, கரையில் என்ன விழப்போகிறது என்பது அட்டையின் கையில். பாவு அதே பாவுதான்.

நம் உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். தோல் செல், கல்லீரல் செல், மூளை செல் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. முற்றிய சிவப்பணு மட்டும் விதிவிலக்கு. அது உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு வேலைக்கு வருகிறது. ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகள் மேல், உருண்டைக்கு டிஎன்ஏவின் 147 ரசாயன எழுத்துக் கணக்கில், கண்டு கண்டாகச் சுற்றப்பட்டிருக்கிறது. எந்தக் கண்டு தளர்ந்திருக்கிறதோ அங்கே உள்ள மரபணுவைப் படிக்க முடியும். இறுகியிருந்தால் முடியாது. தளர்த்தவும் இறுக்கவும் ஹிஸ்டோன்களின் வாலில் ரசாயன முத்திரைகள் ஒட்டப்படுகின்றன. டிஎன்ஏ மேலேயே நேராக மெத்தில் என்ற சின்னஞ்சிறு ஒட்டு ஒட்டப்படுவதும் உண்டு. துளை மேல் காகிதம் ஒட்டி அடைத்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்த ஒட்டுகள் அடர்ந்துவிட்டால் அந்த இழை பெரும்பாலும் எழும்பாது.

எழுத்தைத் தொடாமல், எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக் கூடாது என்று முடிவு செய்யும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். பெயர் வைத்தவர் கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர், 1942-ல். டிஎன்ஏவின் வடிவமே தெரியாத காலம் அது. பிறகு 1957-ல் அவர் வெளியிட்ட ஒரு படம் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் வருகிறது: மலை உச்சியில் ஒரு பந்து, கீழே பிரிந்து பிரிந்து போகும் பள்ளத்தாக்குகள். ஏலகிரி உச்சியிலிருந்து ஒரு கல்லை உருட்டிவிட்டால் எந்த ஓடையில் இறங்கும் என்பது முதல் சில திருப்பங்களில் தீர்ந்துவிடும், இல்லையா? இறங்கிய பிறகு பக்கத்து ஓடைக்குத் தாவ முடியாது. செல்லும் அப்படி ஒரு தடத்தில் இறங்கி நிலைக்கிறது என்றார் வாடிங்டன்.

ஒரே பாவில் டிசைன் மாறுவதற்கு நம் ரத்தத்திலேயே உதாரணம் இருக்கிறது. கருவில் இருக்கும்போது நமக்கு ஓடுவது வேறு வகை ஹீமோகுளோபின். அம்மாவின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்து வாங்கத் தோதானது. பிறந்து சில மாதங்களில் அந்த மரபணு அடைக்கப்பட்டு, பெரியவர்களுக்கான மரபணு திறக்கிறது. பழையது தொலைந்துபோவதில்லை. அடைத்த அட்டையாக ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கிறது. 1982-ல் தலசீமியா (பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் சரியாக உற்பத்தியாகாத பரம்பரை நோய்) நோயாளி ஒருவருக்கு இதே அசாசிடிடினைக் கொடுத்துப் பார்த்தார்கள். எப்போதோ மூடிய அந்தக் கருப்பருவ மரபணு மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். தறியில் அட்டை ஒரு தரம் குத்தினால் அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் ஓடும். செல் இரண்டாகப் பிரியும்போதோ டிஎன்ஏவை மட்டும் நகலெடுத்தால் போதாது, ஒட்டுகளையும் பார்த்துப் பார்த்து நகலெடுக்க வேண்டும். புதுசாக ஒட்ட ஒரு குழு, பழசைப் பார்த்து அப்படியே ஒட்ட ஒரு நகலர், பிய்க்க ஒரு குழு என்று இதற்கென்றே நொதிகள் இருக்கின்றன. பிய்க்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் டெட் நொதிகளை 2009-ல் அடையாளம் காட்டியது, அமெரிக்காவில் ஆய்வகம் நடத்தும் இந்திய விஞ்ஞானி அஞ்சனா ராவின் குழு. இந்த மூன்று குழுக்களையும் நினைவில் வையுங்கள். சித்தப்பாவின் ரிப்போர்ட்டுக்கு மறுபடி வரும்போது தேவைப்படும்.

இப்போது ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு என்கிறார்கள், பொருத்தமான பெயர். வாழையில் இலை எத்தனை அறுத்தாலும் நடுக்குருத்து இருக்கும்வரை மரம் விட்டுக்கொண்டே இருக்கும். நம் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. இத்தனைக்கும் மூலம் மிகச் சொற்பமான குருத்தணுக்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதை 1961-ல் டொராண்டோவில் டில், மெக்கல்லாக் என்ற இருவர் எலிகளில் காட்டினார்கள். குருத்தணுவுக்கு இரண்டு வேலை. தன்னைப் போலவே ஒன்றை உண்டாக்கித் தன் இனத்தைக் காப்பாற்றிக்கொள்வது ஒன்று, முதிர்ந்து வேறொன்றாகும் செல்களைப் பெற்றுவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே எத்தனைக்கு எத்தனை என்ற விகிதம் தப்பினால் ஆபத்து. முதிர்கிறது அதிகமானால் குருத்து தீர்ந்துபோகும். தன்னையே பெருக்குவது அதிகமானால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கருவின் குருத்தணுக்களில் 2006-ல் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். எதிர்காலத்தில் தேவைப்படும் முக்கியமான மரபணுக்கள் பலவற்றின் மேல் 'திற' என்ற முத்திரையும் 'மூடு' என்ற முத்திரையும் ஒரே நேரத்தில் இருந்தன. பாதி ஒட்டி பாதி தூக்கி நிற்கும் காகிதம் மாதிரி. எந்தப் பக்கம் போவது என்று முடிவாகும்வரை இரண்டுக்கும் தயாராக நிற்கிறது அந்த செல். அடுத்த வருஷமே மூன்று குழுக்கள் தனித்தனியாகச் சொன்னது இது: குருத்தணுவில் 'மூடு' முத்திரையோடு இப்படிக் காத்துக்கிடக்கும் மரபணுக்கள்தான், புற்றுநோயில் மெத்தில் ஒட்டி நிரந்தரமாக அடைபட்டுப்போகும் மரபணுக்களில் பெரும் பங்கு. முதிர்வதற்கு வேண்டிய வழிகளை அடைத்துவிட்டால், செல் குருத்தாகவே நின்று பெருகிக்கொண்டிருக்கும்.

புற்றுநோய் என்றால் டிஎன்ஏ எழுத்துப் பிழை, அதாவது நூல் அறுவது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1983-ல் ஃபைன்பெர்க், வோகல்ஸ்டைன் இருவரும் புற்றுநோய் செல்களில் மெத்தில் ஒட்டுகள் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பிற்பாடு மற்றவர்கள் இதற்கு நேரெதிரையும் கண்டார்கள்: செல்லின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் சில மரபணுக்கள் மேல் மட்டும் ஒட்டு கெட்டியாக விழுந்திருந்தது. இரண்டுமே உண்மை. வீட்டில் எல்லாக் கதவும் திறந்து கிடக்க, பூட்ட வேண்டாத சாமி அறைக்கு மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி ஒரு தாறுமாறு. பெருங்குடல் புற்றுநோயில் ஒரு வகையில் எம்எல்எச்1 என்ற மரபணு இப்படி அடைபடுகிறது. அது டிஎன்ஏவின் எழுத்துப் பிழையைத் திருத்தும் மரபணு. அது அடைபட்டபின் உண்மையான எழுத்துப் பிழைகள் மளமளவென்று சேருகின்றன. அட்டையில் வந்த கோளாறு, பிறகு நூலையே அறுக்கிறது.

சரி, நூல் அறாமல் அட்டை மட்டும் கெட்டாலே புற்றுநோய் வருமா? இதுதான் இந்தத் துறையில் நெடுங்காலம் நடந்த சண்டை. எனக்கு இதில் பிடித்த பரிசோதனை பழசு, 1975-ல் நடந்தது. பியட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்சேயும் ஒரு வகைப் புற்றுக்கட்டியின் செல்களை எலியின் ஆரம்பக் கருவுக்குள் வைத்தார்கள். கரு வளர்ந்து எலி பிறந்தது. அந்தப் புற்று செல்களின் வாரிசுகள் எலியின் பல உறுப்புகளில் ஒழுங்கான செல்களாக இருந்தன. சேர்க்கை சரியானதும் திருந்திவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அப்படி. எல்லாப் புற்று செல்லும் இப்படித் திருந்தும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் சில செல்களிலாவது கோளாறு நூலில் இல்லை என்று தெரிந்தது.

இதற்கு மறுபக்கத்தை ஜப்பானில் 2014-ல் காட்டினார்கள். வளர்ந்த செல்லைக் குருத்தணுவாகத் திருப்பும் நான்கு மரபணுக்களை 2006-ல் கண்டுபிடித்து 2012-ல் நோபல் வாங்கினார் ஷின்யா யமனாகா. அந்த நான்கை எலியின் உடம்பிலேயே கொஞ்ச நாள் ஓடவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். பின்னால் போன செல்கள் முழுசாகப் பின்னால் போகவும் இல்லை, பழைய நிலைக்குத் திரும்பவும் இல்லை. நடுவழியில் நின்ற அவை சிறுநீரகத்தில் கட்டியாகின, குழந்தைகளுக்கு வரும் ஒரு சிறுநீரகப் புற்றுநோயை ஒத்த கட்டி. மாறியிருந்தது அட்டைதான். 2024-ல் பழ ஈக்களில் இன்னும் பட்டவர்த்தனமாகப் பார்த்தார்கள். 'மூடு' முத்திரை போடும் புரதத்தைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு மறுபடி வேலைக்கு விட்டார்கள். புரதம் திரும்பி வந்தது, கட்டி திரும்பிப் போகவில்லை. ஈயில் நடந்தது மனுஷனில் நடக்கும் என்று உடனே சொல்லிவிட முடியாது. என்றாலும் சண்டையில் ஒரு பக்கம் வலுவாகிவிட்டது.

மனுஷ நோய்களில் பெரும்பாலும் நடப்பது இரண்டும் கலந்த ஒன்று: அட்டை குத்துகிறவர்களுக்கே கோளாறு. மெத்தில் ஒட்டும் டிஎன்எம்டி3ஏ என்ற நொதியின் மரபணு, பெரியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பழுதாகியிருப்பதை 2010-ல் கண்டார்கள். பிய்க்கும் பக்கத்தில் இப்படிப் பழுதாவது டெட்2. ஐடிஎச் என்று இன்னொன்று, அது வேடிக்கையானது. அது அட்டைப் பக்கமே வராத, செல்லின் சக்தி உற்பத்தியில் வேலை பார்க்கும் நொதி. அது பழுதானால் ஒரு தப்பான ரசாயனத்தை உற்பத்தி செய்கிறது. அந்த ரசாயனம் போய் டெட் நொதிகளின் வாயை அடைக்கிறது. சமையல்கட்டுக் கழிவு தறிக்கூடத்தில் புகுந்த கதை.

சித்தப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்தது டெட்2. "உங்க அப்பாகிட்டருந்து வந்தது இல்ல சித்தப்பா. உங்க பிள்ளைங்களுக்குப் போறதும் இல்ல. உங்க மஜ்ஜையில ஒரே ஒரு குருத்து செல்லுல, வயசான காலத்துல, அட்டை குத்தற ஆளுக்குக் கை பிசகிடுச்சு" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒருத்தன் தப்பா குத்தினா, அதைப் பார்த்துக் குத்தற அத்தனை செட்டும் தப்பாத்தான் வரும்" என்றார். மூன்று பஸ் பயணம் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

வயசான காலத்தில் என்று சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், வெளியே எந்த நோயும் தெரியாமல், ரத்தத்தின் ஒரு பகுதி இப்படிக் கை பிசகிய ஒரே குருத்தணுவின் வாரிசுகளாக இருக்கிறது என்று 2014-ல் பெரிய ஆய்வுகள் சொல்லின. அதில் அதிகம் காணப்பட்டவை டிஎன்எம்டி3ஏ, டெட்2 இரண்டும்தான். இவர்களில் ஒரு வருஷத்துக்கு நூறில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவருக்குத்தான் ரத்தப் புற்றுநோயாகிறது. முக்கால்வாசிப் பேர் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். ஆனால் புற்றுநோய் வந்தவர்களுக்கு இதில் ஒரு தொல்லை. கீமோதெரபி கொடுத்தால் வேகமாகப் பெருகும் செல்கள் சாகும். மஜ்ஜையில் தூங்கும் குருத்து தப்பித்துவிடும். வயலில் கோரையை அறுத்தால் மேலே சுத்தமாகத் தெரியும். அடியில் கிழங்கு இருக்கும். 1990-களில் கனடாவில் ஜான் டிக் என்ற விஞ்ஞானியின் ஆய்வகம் ரத்தப் புற்றுநோயில் அந்தக் கிழங்கு செல்களைத் தனியாகப் பிரித்துக் காட்டியது.

இனி ஊசி. அசாசிடிடினை 1964-ல் செக்கோஸ்லோவாகியாவில் தயாரித்தபோது அதை செல்லைக் கொல்லும் இன்னொரு விஷமாகத்தான் பார்த்தார்கள். அதிக அளவில் கொடுத்தார்கள், நோயாளிகள் தாங்கவில்லை. 1980-ல் பீட்டர் ஜோன்ஸும் ஷர்லி டெய்லரும் குறைந்த அளவில் எலி செல்கள் மேல் விட்டபோது, சாதாரண செல்கள் தசை செல்களாக மாறித் துடித்தன. மெத்தில் ஒட்டு உதிர்ந்து அடைபட்டது திறந்திருக்கிறது! இந்த மருந்து டிஎன்ஏவுக்குள் ஓர் எழுத்தைப் போல நுழைந்துகொள்கிறது. ஒட்டை நகலெடுக்க வரும் நகலரின் கை அங்கே மாட்டிக்கொள்கிறது. செல் பிரியும், ஆனால் ஒட்டு நகலாகாது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒட்டு பாதியாகும்.

அதனால்தான் இது மெதுவான மருந்து. நான்கு, ஆறு சுற்று போன பிறகே பலன் தெரியும். இரண்டு சுற்றில் ஒன்றும் ஆகவில்லையே என்று நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு; லாட்ஜ் வாடகையும் பஸ் செலவும் சேரச் சேர அந்த எண்ணம் வருவதைக் குறை சொல்லவும் முடியாது. 2009-ல் வெளியான பெரிய ஆய்வில், மைலோடிஸ்பிளாசியா முற்றியவர்களில் அசாசிடிடின் எடுத்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 24.5 மாதமும், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்கள் 15 மாதமும் வாழ்ந்தார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் இது குணமாக்கும் மருந்து இல்லை. நிறுத்தினால் ஒட்டுகள் திரும்ப வந்துவிடும்.

இந்த மருந்து அடைத்த மரபணுவைத் திறப்பதால் மட்டுமே வேலை செய்கிறது என்று முன்பு நினைத்தார்கள். 2015-ல் கதை கொஞ்சம் மாறியது. நம் டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம், எந்தக் காலத்திலோ நம் மூதாதை உயிரினங்களைத் தாக்கிய வைரஸ்களின் மிச்சம். செல் அவற்றை மெத்தில் ஒட்டி அடைத்துவைத்திருக்கிறது. அசாசிடிடின் வகை மருந்து அந்த ஒட்டையும் உதிர்க்கிறது. உள்ளே கிடந்த பழைய வைரஸ் துண்டுகள் எழும்ப, வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்து புற்று செல் தானே அலாரம் அடிக்கிறது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. வைரஸ் என்று காதில் விழுந்தால் ஊசியே வேண்டாம் என்பார்.

எங்கள் பக்கத்தில் இதைப் பேசும்போது யாராவது ராணிப்பேட்டையை இழுத்துவிடுவார்கள். தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது ஊரறிந்தது. மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மேடும் கண்ணெதிரே இருக்கிறது. இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம். தோல் பதனிடப் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம். புற்றுநோயாக்கி என்று உறுதியானது ஆறு இணைதிறன் குரோமியம், குரோமேட் ஆலை சமாச்சாரம். ஜப்பானில் குரோமேட் ஆலைகளில் வருஷக்கணக்கில் தூசியைச் சுவாசித்து நுரையீரல் புற்றுநோய் வந்த தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, கடிவாளம் போடும் பி16 மரபணுவில் மெத்தில் ஒட்டு அதிகமாக இருந்தது. சுற்றுச்சூழல் அட்டையில் கை வைக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி. ஆனால் இன்ன மனுஷருக்கு இன்ன நோய் அந்த மேட்டால்தான் வந்தது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. சித்தப்பா நெய்தது ஆரணியில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எரிச்சலோடுதான். 'எபிஜெனெடிக் டயட்' என்று மஞ்சளையும் கிரீன் டீயையும் மாத்திரையாக விற்கிறார்கள். 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று மூட்டுவலியிலிருந்து ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் விளம்பரம் வருகிறது. ரத்தக் குருத்தணு மாற்று சிகிச்சை நிரூபணமானது; வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986-லிருந்து நடக்கிறது. அதைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகளை ஆய்வாகத்தான் நடத்த வேண்டும், வியாபாரமாக அல்ல என்கிறது 2017-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல். ஒரே வார்த்தையைப் போட்டு இரண்டையும் விற்கிறார்கள், அதுதான் சங்கடம். மார்பு, நுரையீரல், குடல் என்று கெட்டிக் கட்டிகளில், ரத்தத்தில் கிடைத்த அளவு வெற்றி எபிஜெனெடிக் மருந்துகளுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கிடைத்த இடத்தில் எப்படிக் கிடைத்தது என்பதற்கு வேலூருக்கும் ஒரு பங்கு உண்டு. ப்ரோமைலோசைட்டிக் லுகீமியா என்று ஒரு ரத்தப் புற்றுநோய். 1957-ல் நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் அதைத் தனி நோயாக விவரித்தபோது சில வாரங்களில் ரத்தப்போக்கில் உயிர் போகும் நோயாக இருந்தது. 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் உடைந்து மாற்றி ஒட்டிக்கொள்வதால் வருகிறது என்று ஜேனட் ரௌலி 1977-ல் கண்டார். ஒட்டிய இடத்தில் ஒரு கலப்பட புரதம் பிறக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் வந்து தட்டினால் முதிர்வுக்கான மரபணுக்கள் திறக்க வேண்டும். கலப்பட புரதம் மூடும் ஆட்களைக் கூட்டிவைத்துக்கொண்டு திறக்க விடாது. வெள்ளணு பாதி வளர்ச்சியில் நின்றுவிடும்.

ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் 1985-ல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரெட்டினாயிக் அமிலத்தையே அதிக அளவில் கொடுத்தார். உடம்பில் சாதாரணமாக இருக்கும் அளவுக்குத் திறக்காத கதவு அந்த அளவுக்குத் திறந்தது. புற்று செல்கள் சாகவில்லை, முதலில் முதிர்ந்தன. முதிர்ந்த வெள்ளணுக்கள் எப்படியும் சில நாளில் ஆயுள் முடிந்து போய்விடும். அதே சமயம் ஹார்பினில் வெள்ளைப் பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக் ட்ரைஆக்சைடை, ஊசியாகக் கொடுத்துப் பலன் கண்டிருந்தார்கள். ஆர்சனிக் அந்தக் கலப்பட புரதத்தையே பிடித்துக் குப்பைக்கு அனுப்புகிறது. பாஷாணம் என்றதும் நாட்டு மருந்துக் கடைப் பக்கம் யாரும் போக வேண்டாம். ஈசிஜியும் உப்புச் சத்தும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மருந்து இது.

மேல்நாடுகளில் ரெட்டினாயிக் அமிலத்தோடு கீமோதெரபியும் சேர்த்துக் கொடுத்தார்கள். செலவு அதிகம், நம் ஊர் நோயாளிகளில் பலருக்கு எட்டாது. வேலூர் சிஎம்சியில் 1998-லிருந்து புது நோயாளிகளுக்கு ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள். 72 பேரில் 62 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. விக்ரம் மேத்யூஸ் குழு 2006-ல் வெளியிட்டது. வசதியில்லாமல் எடுத்த முடிவு, மருத்துவ ரீதியாகவும் சரியாக இருந்தது. 2013-ல் ஐரோப்பிய ஆய்வு ரெட்டினாயிக் அமிலமும் ஆர்சனிக்கும் சேர்ந்தாலே போதும், அபாயம் குறைந்த நோயாளிகளுக்குக் கீமோ வேண்டாம் என்று காட்டியது.

இந்த வைத்தியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வழக்கமான கீமோவில் வெள்ளணு எண்ணிக்கை இறங்கும். இதில் முதலில் ஏறும். முதிர்கிற செல்கள் கூட்டமாக நுரையீரலுக்குள் போக, காய்ச்சல், மூச்சுத் திணறல், உடம்பில் நீர் கோத்தல். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே ஸ்டீராய்டு கொடுப்பார்கள். வேறு ரத்தப் புற்றுநோய்களுக்கு, முன்பு சொன்ன ஐடிஎச் பழுதைத் தடுக்கும் மாத்திரைகள் 2017-லிருந்து வந்தன. 2024 நவம்பரில் ரெவ்யுமெனிப் என்ற இன்னொரு மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது புற்றுநோயில் தப்பாகத் திறந்து கிடக்கும் குருத்து மரபணுக்களை மூட வைக்கிறது. மருந்து வேறு, இலக்கு வேறு. ஆனால் அதே காய்ச்சல், அதே மூச்சுத் திணறல் இவற்றிலும் வருகிறது. செல்கள் முதிர ஆரம்பித்தால் அப்படித்தான்.

சாகவில்லை, முதிர்ந்தன என்று எப்படித் தெரியும்? பழைய செல்கள் செத்து நல்ல குருத்திலிருந்து புதுசு வந்திருக்கலாமே? இதற்கு விடை நுண்ணோக்கிக் கண்ணாடியில் இருக்கிறது. இந்த நோயின் செல்களுக்குள் ஊதா கலந்த சிவப்பில் குச்சி குச்சியாக, கட்டி வைத்த விறகு மாதிரி ஒன்று தெரியும். ஆவர் குச்சிகள் என்பார்கள். ஆரோக்கியமான வெள்ளணுவில் அது இருக்கவே இருக்காது. சிகிச்சை தொடங்கிச் சில நாட்கள் ஆனதும் எடுக்கும் ரத்தப் பூச்சில் அபூர்வமாக ஒரு செல் கண்ணில் படும். உட்கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்து, நன்றாக முதிர்ந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. அதன் வயிற்றுக்குள் ஓர் ஓரமாக, ஒரே ஒரு ஆவர் குச்சி.